ஏழெட்டு எவ்வளவு?

சாயங்காலம் என்னிடம் படிக்க வரும் நாலாம் வகுப்புப் பையன் ஏழாம் வாய்ப்பாட்டைப் பாட்டாகத்தான் ஒப்பிப்பான். ஏழெட்டில் தடுக்கினால் மறுபடி ஓரேழிலிருந்து ஆரம்பம்!

ரெண்டும் அஞ்சும் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. அதையே பிடித்துக்கொண்டோம். புளியங்கொட்டையை எட்டெட்டாக ஏழு வரிசை அடுக்கினான். அஞ்சாவது வரிசைக்குக் கீழே ஒரு ஈர்க்குச்சி. மேலே 40, கீழே 16.

"அம்பத்தாறு மிஸ்!"

பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதுவே எட்டு வரிசை, ஏழேழு கொட்டை. இது புரிந்தாலே வாய்ப்பாட்டில் கிட்டத்தட்டப் பாதி குறைந்துவிடும். (இதை ஏன் முதலிலேயே சொல்லித்தருவதில்லையோ!)

மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேகத்துக்கு அது வேண்டும்தான். மறந்தால் பிடித்து ஏற ஒரு வழியும் வேண்டுமே.

அடுத்து ஒன்பதாம் வாய்ப்பாடு. பத்தாறு 60, அதில் ஓர் ஆறு போனால் 54. இதை நான் சொல்லப்போவதில்லை, அவனே கண்டுபிடிக்கட்டும்.