பிறந்த நாளுக்குக் கடற்பாசி சூப்!

"பிறந்த நாளும் அதுவுமாய் யாராவது கடற்பாசி சூப் சாப்பிடுவார்களா?" என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். போன வருஷம் வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்!

தென் கொரியாவில், பூசான் மாநகரைச் சேர்ந்த கிஜாங் என்ற கடலோரப் பகுதி. அங்கே ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் வேலை எனக்கு. கொரியாவில் மார்ச் மாதம்தான் பள்ளி திறக்கும். என் பிறந்த நாளும் மார்ச்சில்தான். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, யாருக்குத் தெரியப் போகிறது என்று பேசாமல் இருந்துவிட்டேன். காலையிலிருந்து அம்மா ஞாபகம் மட்டும் தொண்டையை அடைத்தது.

வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே போடும் செருப்பை மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தால், மேஜை மேல் சோக்கோ பைகளைக் கோபுரமாய் அடுக்கி, உச்சியில் ஒரு மெழுகுவத்தி! "செங்இல் சுக்கா ஹம்னிதா!" என்று குழந்தைகள் கூரை அதிரக் கத்தின. 'பிறந்த நாள் வாழ்த்துகள்' என்று அர்த்தம். பக்கத்து மேஜை ஆசிரியை என் பாஸ்போர்ட் நகலில் தேதியைப் பார்த்திருக்கிறார்!

மதியம் அவரே ஒரு பிளாஸ்க்கைத் திறந்தார். "மியோக்குக். வழக்கமாக மாட்டிறைச்சி போடுவோம். நீங்கள் சைவமாச்சே, உங்களுக்காகப் போடவில்லை" என்றார். ஊறவைத்த கடற்பாசியை நறுக்கி, பூண்டோடு எள் எண்ணெயில் வதக்கி, சோயா சாஸும் தண்ணீரும் விட்டுக் கொதிக்க வைத்தால் சூப் தயார். சோற்றோடு சாப்பிட வேண்டும். "பரீட்சை அன்னிக்கு மட்டும் சாப்பிடாதீங்க டீச்சர், வழுக்கிடும்!" என்று ஒரு வாண்டு எச்சரித்தது.

பிள்ளை பெற்றவளுக்கு அங்கே வாரக்கணக்கில் இந்த சூப்தான். நம் வீட்டுப் பத்தியச் சாப்பாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அயோடின், கால்சியம் நிறைந்தது. (ஆனால் அயோடின் அளவுக்கு மீறினால் கெடுதல். தைராய்டு தொந்தரவு உள்ளவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.) அம்மா அன்று குடித்த அதே சூப்பைப் பிள்ளை ஒவ்வொரு பிறந்த நாளிலும் குடிப்பது, அவள் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கத்தானாம். கொரியக் குழந்தைகளும் பெற்றவர்களை 'ஓம்மா', 'ஆப்பா' என்றுதான் கூப்பிடுகின்றன!

"உங்கள் அம்மாவுக்குப் போன் செய்தீர்களா?" என்று அந்த ஆசிரியை கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அம்மாதான் எனக்குப் போன் செய்து வாழ்த்த வேண்டும் என்று காத்திருந்தவள் நான்!

சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஊரில் பகல் ஒன்றரைக்கு, நானே கூப்பிட்டேன்.

"பாயசம் வெச்சுச் சாப்பிட்டியாடி?"

"அதிருக்கட்டும்மா. நான் பொறந்தன்னிக்கு நீ ரொம்பக் கஷ்டப்பட்டியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள்: "ரெண்டு ராத்திரி வலிடி. ஒவ்வொரு வருஷமும் இந்த நாள் வந்தா எனக்கு அதான் ஞாபகம் வரும். 32 வருஷத்துல இன்னிக்குத்தான் ஒருத்தர் கேக்கறீங்க."

அன்று அரை மணி நேரம் அம்மா பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடற்பாசி கிடைக்காவிட்டால் போகிறது. அடுத்த பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுமுன், உங்கள் அம்மாவிடம் நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்!