வலது பக்கமே போகும் பந்து

கோல்ஃப்னு சொன்ன உடனே "பெரிய இடத்து சகவாசமோ?"ன்னு கேக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். பெங்களூர்ல ஆபீஸ் மேனேஜர் புண்ணியத்துல ஒட்டிக்கிட்ட பழக்கம் இது. மட்டை எல்லாம் செகண்ட் ஹேண்ட். பந்து கூட குளத்துல விழுந்ததை எடுத்துக் கழுவி விக்கறாங்களே, அதுதான். அதனால தைரியமா மேல படிக்கலாம் :-)

ஆட ஆரம்பிச்ச ஆறாவது மாசம் நடந்தது. ஒரு ஞாயித்துக்கிழமை காலை. டிரைவரை எடுத்தேன் (பையில இருக்கறதுலயே நீளமான மட்டை). முழு பலத்தையும் சேர்த்து ஒரு வீசு. பந்து நேரா கிளம்பின மாதிரி இருந்தது, அப்புறம் வழக்கம் போல வலது பக்கம் வளைஞ்சு பக்கத்து மைதானத்துக்குப் போச்சு. அங்க ரெண்டு அம்மாக்கள் குத்த வச்சு உக்காந்து களை பிடுங்கிட்டு இருந்தாங்க.

"ஃபோர்!"னு கத்தினது நான் இல்லை. என் கேடி. (போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ மாட்டி இருக்கற கேடி இல்லைங்க, கோல்ஃப் பை தூக்கிட்டு வர்ற கேடி. வேலூர் பக்கத்துக்காரர், ஐம்பது வயசு இருக்கும்.) அந்த அம்மா தலையைக் கையால மூடிக்கிட்டாங்க. பந்து ஒரு முழம் தள்ளி விழுந்து தெறிச்சு ஓடிச்சு.

கோல்ஃப் பந்தோட எடை அதிகபட்சம் 45.93 கிராம். ஒரு எலுமிச்சம்பழம் அளவுதான். ஆனா டிரைவர்ல பட்டா மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் எல்லாம் என்னை மாதிரி சாதாரண ஆளுக்கே சர்வ சாதாரணம். கை கால் உதற ஓடிப்போய் "மன்னிச்சுக்கங்கம்மா"ன்னேன். "பரவால்ல சாமி, எங்களுக்கு இது தினம் வர்றதுதானே"ன்னுட்டு மறுபடி களை பிடுங்க ஆரம்பிச்சுட்டாங்க. திட்டி இருந்தா கூட அன்னிக்கு ராத்திரி தூங்கி இருப்பேன்.

திரும்பி வந்தா கேடி டிரைவரை உறை போட்டு பையில வச்சுட்டார். "இன்னிக்கு இது போதும் சார். பந்து எங்க போவும்னு தெரிஞ்ச பிறகு எடுத்துக்கலாம்." "கத்துத் தர்றீங்களாண்ணே?"ன்னு கேட்டேன். அடுத்த நாலு மாசம் வாரம் ரெண்டு நாள், பயிற்சித் திடல்லயே ஓடிச்சு.

முதல் பாடம், ரெண்டு காலையும் ஒட்டி வச்சுக்கிட்டு ஏழாம் நம்பர் அயர்ன்ல பாதி வீச்சு. சிரிக்காதீங்க, செஞ்சு பாருங்க. கொஞ்சம் பலத்தைக் காட்டினாலும் தடுமாறிடுவோம். நான் முதல் நாள் மூணு தடவை விழப் பார்த்தேன். மெதுவா சுத்தினா பந்து பாட்டுக்கு நேரா போகுது.

ரெண்டாவது, ஒரு துண்டை நெஞ்சுக்குக் குறுக்கா போட்டு ரெண்டு அக்குள்லயும் இடுக்கிக்கிட்டு இடுப்பு உயரத்துக்கு மட்டும் வீசறது. துண்டு கீழ விழுந்தா கை தனியா, உடம்பு தனியா போகுதுன்னு அர்த்தம். மூணாவதும் துண்டுதான். பந்துக்குப் பின்னாடி ஒரு சாண் தள்ளித் தரையில விரிச்சு வச்சு, அதுல படாம அடிக்கணும். அயர்ன்ல முதல்ல பந்து, அப்புறம்தான் மண்ணு. நாம மண்ணைத்தான் முதல்ல வெட்டுவோம்!

இப்ப முக்கிய வியாதிக்கு வருவோம். பந்து ஏன் வலது பக்கம் வளையுது? மட்டை வீசற பாதையில பந்து கிளம்பும், மட்டை முகம் பார்க்கற திசைக்கு வளையும்னு பழைய பாடம் சொல்லிச்சு. 2000களில் ரேடார் கருவிகள் வந்து அளந்து பார்த்தா கதை கிட்டத்தட்ட தலைகீழ். பந்து கிளம்பற திசையைப் பெரும்பாலும் முடிவு பண்றது முகம். முகத்துக்கும் பாதைக்கும் உள்ள கோணம்தான் வளைவைத் தருது. நான் வெளியில இருந்து உள்ளே இழுத்து வெட்டறேன், முகம் அந்தப் பாதைக்கு வலது பக்கம் திறந்து கிடக்கு. பந்து பாவம் என்ன பண்ணும்?

இதுக்குக் கேடி தந்த மருந்து ஒரு காலி பந்து டப்பா. பந்துக்கு வெளிப்பக்கம், சில அங்குலம் தள்ளி, கொஞ்சம் பின்னாடி வைக்கணும். வெளியில இருந்து வெட்டினா டப்பா பறக்கும். முதல் வாரம் பந்தை விட டப்பாதான் தூரம் போச்சு. கூடவே இடது கைப் பிடியைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி, குனிஞ்சு பார்த்தா ரெண்டு மூணு கணு தெரியற மாதிரி வச்சார். வளைவு பாதியாச்சு.

கிட்டத்து அடிகளுக்குக் கடிகாரக் கணக்கு. நாசாவுல வேலை பார்த்த டேவ் பெல்ஸ் பிரபலமாக்கினது. இடது கையை மணி முள்ளா நினைச்சுக்கணும். ஏழரை மணி வரைக்கும் தூக்கினா எவ்வளவு தூரம், ஒன்பது மணிக்கு எவ்வளவு, பத்தரைக்கு எவ்வளவுன்னு நோட்டுல எழுதி வச்சுக்கணும். எனக்குப் பிட்ச்சிங் வெட்ஜ்ல ஒன்பது மணின்னா 70 கஜம். பலத்தைக் கூட்டிக் குறைக்கற ஊகமெல்லாம் போயே போச்சு.

நாலு மாசம் கழிச்சு அதே இடம். அதே அம்மாக்கள் வலது பக்கம் உக்காந்திருந்தாங்க. கேடி டிரைவரை நீட்டினார். நான் வாங்கலை. அவங்க எழுந்து அந்தப் பக்கம் போற வரைக்கும் நின்னேன். பின்னாடி வந்த நாலு பேர் வாட்ச்சைப் பார்த்தாங்க, பார்க்கட்டும். அப்புறம் அஞ்சாம் நம்பர் அயர்ன்ல இடது ஓரம் குறி வச்சு அடிச்சேன். பந்து கொஞ்சம் வலது பக்கம் வளைஞ்சு நடுவுல விழுந்தது. இன்னமும் வளையுதுதான். ஆனா எவ்வளவு வளையும்னு இப்ப எனக்குத் தெரியும். ஒருவேளை தப்பினா, "ஃபோர்!" முதல்ல என் வாயில இருந்துதான் வரும்.

வீட்ல ரெண்டு துண்டைக் காணோம்னு தங்கமணி தேடிட்டு இருக்காங்க. போய் உண்மையை ஒத்துக்கிட்டு வரேன் :-)