வரப்பில் இருக்கும் விதை

செஞ்சியில் சுண்ணாம்பு புதிய பொருள் அல்ல. கோட்டைச் சுவர்களின் பூச்சில் இருக்கிறது, வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது, பொங்கலுக்கு முன் வாசல்தோறும் வாளியில் கொதித்து நீறுகிறது. அப்படியொரு வாளியிலிருந்து என் அக்கா மகனின் வலக்கண்ணில் தெறித்தது. அவனுக்கு ஒன்பது வயது. உடனே தண்ணீர்விட்டுக் கழுவினோம். ஆனாலும் சில மாதங்களில் கருவிழிமேல் ரத்தநாளங்களோடு வெண்படலம் ஏறிவிட்டது.

"வேற கண்ணு வச்சிட்டா சரியாயிடும்ல?" என்றாள் அக்கா. அது மட்டும் போதாது என்றார் மருத்துவர். கருவிழியின் மேல்தோல் தேயத் தேயப் புதிதாக வளர்வது. அதை வளர்க்கும் குருத்தணுக்கள் கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் வரப்பில், லிம்பஸில், இருக்கின்றன. சுண்ணாம்பு அந்த வரப்பையே அரித்துவிட்டது.

அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். விதைநெல்லையும் சோற்றுநெல்லையும் கலந்து கொட்டிப் பிரிக்கச் சொன்னால் எப்படி? ஆய்வாளர்களின் சிக்கல் அதுதான். 1971இல் டாவங்கர், ஈவன்சன் இருவரும் புதுத்தோலின் ஊற்று லிம்பஸ்தான் என்று முன்வைத்தார்கள். 1986இல் அமெரிக்காவில், முதிர்ந்த கருவிழி அணுக்களில் இருக்கும் கே3 என்ற கெராட்டின் லிம்பஸின் அடியடுக்கில் மட்டும் இல்லை என்று கண்டார்கள். ஆக, முதல் அடையாளமே ஓர் இல்லாமை. 2005இல் மதுரை அரவிந்த் மருத்துவமனையின் ஆய்வகத்தில் முத்துக்கருப்பன் குழு இரண்டு அளவுகளைச் சேர்த்துப் பார்த்தது: பி63 புரதம் மிகுந்தும், அணுவின் அளவுக்கு உட்கரு பெரிதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்திய சிறு கூட்டம் லிம்பஸில்தான் கிடைத்தது.

பிரித்து வளர்க்கவும் முடிந்தது. 1997இல் இத்தாலியில் இரண்டு பேருக்கு இப்படி வளர்த்த தோலைப் பொருத்தினார்கள். ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிலையத்தில் சங்வான் குழு 2012இல் இன்னும் எளிய வழியை வெளியிட்டது. நல்ல கண்ணிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் துண்டு எடுத்து, அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, கெட்ட கண்ணில் விரித்த பனிக்குடச் சவ்வின் மேல் நட்டுவிடுவது. வளர்ப்பு ஆய்வகம் வேண்டாம், கண்ணே நாற்றங்கால்.

அந்த "நல்ல கண்" என்ற சொல்லில்தான் அக்கா நின்றுவிட்டாள். "இருக்கிறது ஒண்ணு. அதுலயும் கத்தி வைக்கணுமாடா?"

"கொஞ்சந்தான்க்கா எடுப்பாங்க. மிச்ச வரப்பு அப்படியே இருக்கும்" என்றேன். படித்ததைத்தான் சொன்னேன், பந்தயத்தில் இருந்தது அவள் பிள்ளையின் கண். இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு அவளாகவே கையெழுத்துப் போட்டாள்.

இன்று அவன் வலக்கண்ணால் பேருந்தின் ஊர்ப்பலகையைப் படிக்கிறான். இடக்கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு பரிசோதனையிலும் அக்கா முதலில் கேட்பது இடக்கண்ணைப் பற்றித்தான்.