தூணுக்குத் தலை வேண்டும்!

மதுரைக்குச் சுற்றுலா போய் வந்தவர் யாராவது அகப்பட்டால் அவர் வீட்டு ஆல்பத்தை வாங்கிப் பாருங்கள். திருமலை நாயக்கர் மகால் படத்தில் தூணுக்குத் தலை இருக்காது. தலை இருந்தால், கீழே நிற்கிற மாமாவுக்குக் கால் இருக்காது. இரண்டும் இருந்தால் மாமா கடுகு சைஸில் இருப்பார்!

குற்றம் மாமாவுடையது அல்ல, தூண்களுடையது. சுமார் 13 மீட்டர் உயரம். 1636-ல் மகாலைக் கட்டிய நாயக்கர், பிற்பாடு ஜனங்கள் கேமராவோடு வருவார்கள் என்று எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

இந்தத் தூண்களோடு எனக்கு வழக்கு வந்தது பெரியப்பாவால். மகாலில் ஒரு காலத்தில் மாவட்டக் கோர்ட் நடந்தது பல பேருக்குத் தெரியாது. பெரியப்பா அங்கே குமாஸ்தா. இப்போது வயசு 88. முழங்கால் வாசற்படிக்கே மறுப்புத் தெரிவிக்கிறது. ஒரு கண் ஏற்கெனவே மங்கிவிட்டது.

"டேய், நான் உட்கார்ந்து எழுதின தாழ்வாரத்தை ஒரு போட்டோ எடுத்துக் கொடுடா. கீழே தரையும் தெரியணும், மேலே வளைவும் தெரியணும். சுவத்துல மாட்டற சைஸ்ல வேணும். இன்னொரு கண்ணும் போறதுக்குள்ள கொடு" என்றார், சிரித்துக்கொண்டே. கேட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியப்பாவின் பேரன், "எதுக்கு சித்தப்பா, என் போன்லயே 0.5 இருக்கே!" என்றான். வாஸ்தவம்தான். வெயிலில் போன் போதும். நிழல் கட்டிய தாழ்வாரத்தில் எடுத்து, சுவர் அளவுக்குப் பெரிசாக்கினால், தூணின் சுண்ணாம்பு வேலையெல்லாம் மெழுகு உருகின மாதிரி ஆகிவிடும்.

ஆகவே என் பழைய கேனான் கேமராவுக்கு ஒரு வைட் ஆங்கிள் லென்ஸ். ஜூம் இல்லாத, ஒரே அளவு லென்ஸ். பட்ஜெட் 15,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் வீட்டில் ஆடிட் ஆட்சேபணை வரும்.

முதலில் லென்ஸ் இல்லாமலே இடத்தைப் பார்க்கப் போனேன். மீனாட்சி கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். வழியில் விளக்குத்தூண், அப்புறம் பத்துத்தூண் சந்து. அந்தப் பத்துத் தூண்களும் அந்தக்கால அரண்மனையைச் சேர்ந்தவைதான். பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குப் பிரித்துக்கொண்டு போனது போக, இன்று மிச்சம் நாலில் ஒரு பங்குதான் என்பார்கள். அந்த மிச்சத்தையும் பழுது பார்த்துக் காப்பாற்றியவர், 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு. பத்துத்தூணைப் படம் எடுக்க நாலு எட்டு பின்னால் வைத்தால் ஜவுளிக்கடைக்குள் போய்விடுவோம். 'வாங்க சார், என்ன பார்க்கறீங்க?' என்பார்கள்.

மகாலின் முற்றத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. 1995-ல் வந்த 'பம்பாய்' படத்தின் 'கண்ணாளனே' பாட்டில் பார்த்திருப்பீர்கள், ஊரையே நிற்க வைக்கலாம். சங்கடம் தாழ்வாரத்தில்தான். பெரியப்பா சொன்ன இடத்திலிருந்து அடி வைத்து அளந்தேன். சுமார் 10 மீட்டருக்கு மேல் பின்னால் போனால் அடுத்த வரிசைத் தூண் வந்து குறுக்கே நிற்கிறது.

இங்கேதான் பி.காம். கை கொடுத்தது. வெறும் விகிதக் கணக்கு. என் கேமராவின் சென்சார் நீளம் 22.3 மில்லிமீட்டர். எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறோமோ அதை 22.3-ஆல் பெருக்கி, லென்ஸின் மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் எத்தனை மீட்டர் உயரம் படத்தில் விழும் என்று தெரிந்துவிடும். 10 மீட்டர் தூரத்தில் 50 லென்ஸுக்கு 4.5 மீட்டர். 24-க்கு 9.3. கேமராவோடு வந்த 18-55 ஜூமின் 18-க்கு 12.4. 14-க்கு 15.9. தூணோ 13!

கணக்கு கையில் இருந்ததால் டவுன் ஹால் ரோடு பக்கம் இருக்கும் ஸ்டுடியோ அண்ணனிடம் தைரியமாகப் போனேன். அவர் முதலில் எடுத்து வைத்தது கேனான் 24. 2014-ல் வந்த லென்ஸ், பிஸ்கட் மாதிரி தட்டை, 125 கிராம்தான்.

"மலிவு, நல்ல ஷார்ப்பு தம்பி. வைட்டுன்னு பேரு."

பேர்தான் வைட். 24 என்பது பழைய ஃபிலிம் கேமராவில் வைட். என் சின்ன சென்சாரில் 1.6-ஆல் பெருக்க வேண்டும், 38 ஆகிவிடும். கையில் இருக்கிற ஜூமே அதைவிட அகலம். விலை குறைவு என்பதற்காக வேண்டாததை வாங்கினால் அதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

"14 இருக்காண்ணே?"

பீரோவின் அடித்தட்டிலிருந்து வந்தது, செகண்ட்ஹாண்ட் சாம்யாங் 14, எஃப் 2.8. கொரியா சரக்கு. முன் கண்ணாடி முட்டைக்கண் மாதிரி பிதுங்கியிருந்தது. ஆட்டோஃபோகஸ் கிடையாது, எல்லாம் கைவேலை.

"ஃபோகஸைப் பத்திக் கவலைப்படாதீங்க தம்பி. எஃப் 8-ல வெச்சு ஒன்றரை மீட்டர்ல நிறுத்துங்க. முக்கால் மீட்டர்லேர்ந்து மலை வரைக்கும் தெளிவா விழும்" என்றார். தாழ்வார இருட்டுக்கு 2.8 இருக்கிறது. ஜூமின் 3.5-ஐவிட ஒன்றரை மடங்கு வெளிச்சம். புராதனக் கட்டடங்களில் ட்ரைபாட் விரிக்கத் தனி அனுமதி கேட்பார்கள் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

"குறை ஒண்ணு உண்டு. நேர்க்கோடு மீசை மாதிரி நெளியும்" என்றார். நாயக்கர் மகாலுக்கு மீசை பொருத்தம்தான்! கம்ப்யூட்டரில் அதை நேராக்கிவிடலாம்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு அவர் சொன்ன இரண்டு சோதனைகள். ஒன்று, பின்னாலிருந்து டார்ச் அடித்து உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு, அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டி, நேராக நின்று படம் எடுக்க வேண்டும். நாலு மூலை எழுத்தும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால், எங்கோ விழுந்து அடிபட்ட லென்ஸ். இதில் இரண்டும் பாஸ். 14,500 சொன்னார், 13,000-க்கு முடிந்தது.

மகாலில் கேமராவை லேசாக மேலே சாய்த்து எடுத்தேன். அப்படிச் சாய்த்தால் தூண்கள் தலைப்பக்கம் ஒன்றையொன்று நெருங்கும். கம்ப்யூட்டரில் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். கணக்கில் மிஞ்சிய 3 மீட்டர் அந்தச் சேதாரத்துக்குச் சரியாகப் போயிற்று.

ஓர் எச்சரிக்கை. இந்த லென்ஸில் குடும்பப் படம் எடுத்தால் அத்தையை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். ஓரத்தில் நிற்பவர்கள் நிஜத்தைவிட அகலமாகத் தெரிவார்கள். அத்தை அப்புறம் உங்களோடு பேசமாட்டார்.

படத்தைப் பெரிசாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியப்பா நல்ல கண்ணை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். மூன்றாவது தூணுக்கு அருகே வெறும் தரையில் விரல் வைத்தார். "இங்கேதான்டா என் மேஜை" என்றார்.

அப்புறம் சொன்னார்: "தரை இவ்வளவு சுத்தமா இருக்கே... கோர்ட் போயிடுச்சுன்னு நல்லாத் தெரியுது!"