படாளத்திலிருந்து பலாலி வரை

செங்கற்பட்டிலிருந்து பாலாற்றைக் கடந்து மதுராந்தகம் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த ஊர் படாளம். வேடந்தாங்கலுக்குச் செல்வோர் இங்கேதான் சாலை பிரிவர். அங்கு வந்திறங்கும் பறவைகளுள் தொலைநாட்டிலிருந்து வருவனவும் உண்டு. அவற்றுக்குக் கடவுச்சீட்டு வேண்டுவதில்லை, நமக்கு வேண்டும்!

இவ்வூர் வழியாகச் செல்லும் இருப்புப்பாதை ஒரு காலத்தில் இலங்கை செல்வோரின் பாதை. எழும்பூரில் புறப்பட்ட போட் மெயில் இத்தடத்தில்தான் தனுஷ்கோடிக்கு ஓடியது. அப்பால் கப்பலில் தலைமன்னார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. வான்வழியும் இருந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னை வந்தது.

பின்னர்ப் போர் மூண்டது. யாழ்ப்பாணத்தில் உற்றாரை உடையவர்கள் கொழும்புக்கு ஏறத்தாழ 650 கி.மீ. பறந்து, மீண்டும் வடக்கே 400 கி.மீ. தரைவழி வரவேண்டியதாயிற்று. அவ்வழியும் அடைபட்ட ஆண்டுகள் உண்டு. உடன்பிறந்தவரின் இறப்புச் செய்தி கடிதமாய் வந்து சேரும்; முப்பதாம் நாள் பூசைக்கும் போக இயலாது, இங்குள்ள பங்குக் கோயிலிலேயே பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அழுதிருந்தவர்களை நாம் மறப்பதற்கில்லை.

உண்மையில் தொலைவுதான் எவ்வளவு? வரைபடத்தில் மீனம்பாக்கத்தையும் பலாலியையும் அளவுகோல் வைத்து இணைத்தால் ஏறத்தாழ 355 கி.மீ. கோடு நேர் தெற்கே இறங்கி, மாமல்லபுரத்தை ஒட்டிச் சென்று, கல்பாக்கத்துக்கு அப்பால் கடலில் புகுகிறது. வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குக் கிழக்கே 25 கி.மீ.க்குச் சற்று மிகுதியான தொலைவில் கடல்மேல் போய், யாழ்ப்பாணக் கரையைத் தொடுகிறது. விமானங்கள் இவ்வாறு கோடு பிடித்துப் பறப்பதில்லை. அவற்றுக்கென வகுத்த வான்பாதைகள் உள்ளன.

2019 நவம்பர் 11 அன்று இத்தடத்தில் விமானம் மீண்டும் பறந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பர் 12 அன்று மறுபடியும் தொடங்கியது. ஏ.டி.ஆர். 72 என்னும் சிறு விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் செல்ல வல்லது. அவ்வாறாயின் முக்கால் மணி போதுமே எனலாம். ஓடுதளத்தில் ஊர்தல், மேலேறுதல், இறங்குதல் ஆகியவற்றையும் சேர்த்து ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி வரை குறிக்கின்றனர்.

நம் படாளத்துக் குடும்பத்துக்கு விமானத்தைவிட மீனம்பாக்கத்தை அடைவதே பெரும்பாடு! சாலையில் ஏறத்தாழ 55 கி.மீ.; விழாக்காலமாயின் பரனூர்ச் சுங்கச்சாவடியிலேயே பொறுமை சோதிக்கப்படும். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவும் வந்துவிட வேண்டும். ஆகவே செங்கற்பட்டில் மின்தொடர்வண்டி ஏறித் திரிசூலத்தில் இறங்குவதே நன்று. விமான நிலையம் எதிரிலேயே உள்ளது. சற்று வடக்கே புனித தோமையார் மலை.

வைகறையில் படாளத்தை விட்டுப் புறப்பட்டவர், விமானம் பறக்கும் நாளாயின், அன்று மாலை யாழ்ப்பாணம் புனித மரியன்னை பேராலயத்தில் உறவினரோடு முழந்தாளிடலாம்.