தங்கவயலுக்கு ஓர் இலச்சினை

பெங்களூரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் பங்காரப்பேட்டை ஒரு சந்திப்பு. பௌரிங்பேட்டை என்பது அதன் பழைய பெயர். அங்கிருந்து பிரியும் கிளைப்பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பத்தில் முடிகிறது. நம் நேயர்களில் பலருக்கு இவை வெறும் ஊர்ப்பெயர்கள் அல்ல. பாட்டனும் பாட்டியும் சொல்லக் கேட்டு வளர்ந்த பெயர்கள்.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலை ஏற்றனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம்மவர் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியின் மின்சாரம் காடுமேடு கடந்து இங்கே வந்து சேர்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு இறங்கிற்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று விடியற்காலையில் இவ்வூர் மக்கள் கூட்டங்கூட்டமாகப் புகைவண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வதைக் காண்கிறோம்.

வயல் என்ற பெயரை நம்பி வருவோர் முதலில் காண்பவை மண்மேடுகளே. தங்கக் கல்லை மாவாக இடித்து, சயனைடு கரைசலில் பொன்னைக் கரைத்து எடுத்தபின் எஞ்சிய கழிவு அது. மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட அக்கழிவு குன்றுகளாய்க் குவிந்து கிடக்கிறது. மழை அவற்றில் ஓடை ஓடையாக வரி இழைத்திருக்கிறது. காற்றுக் காலத்தில் அத்தூள் பறந்து வீடுகளுக்குள் படிகிறது. மேடுகளில் பசுமை அரிது. அவற்றைச் சூழ்ந்த நிலத்திலோ புல்லும் புதரும் மரமும் தாமாகவே தழைத்து வருகின்றன.

இந்நிலத்தைப் பூங்காவாகவும் நினைவிடமாகவும் காக்க ஓர் அறநிறுவனம் எழுவதாக வைத்துக்கொள்வோம். அது பிறரிடம் உதவி கேட்டு எழுதும் முதற்கடிதத்தின் தலைப்பில் எந்த உருவைப் பொறிக்கும்? சிறிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் தன்னை இன்னதென்று அறிந்துகொள்ளாத நிறுவனம் இதற்கு விடை கூற இயலாது.

முன்னோர் செய்ததைப் பார்ப்போம். 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சின்னம் இருவாய்ச்சிப் பறவை. கார்வார் பக்கத்துக் காட்டிலிருந்து குஞ்சாக வந்த அது, வில்லியம் என்னும் பெயரோடு 1894 முதல் 1920 வரை கழகத்தின் அலுவலகத்திலேயே வாழ்ந்தது. எங்கோ தேடாமல், தம்மோடு வாழ்ந்த உயிரையே அவர்கள் அடையாளமாகக் கொண்டனர். 1961இல் உலக வனவிலங்கு நிதியம் தோன்றியபோது பீட்டர் ஸ்காட் பாண்டாக் கரடியை வரைந்தார். கறுப்பும் வெள்ளையுமான விலங்காதலால் அச்சுச் செலவு குறையும் என்பதும் அத்தேர்வுக்கு ஒரு காரணம். சிக்கனமும் அழகும் கைகோத்து நடக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

நமக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் உள்ளது. சோல்ஃபெரைன் என்னும் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. அதன் பன்னிரண்டாம் சுரங்கவாயில் மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தை அவர்கள் பழைய இரும்பாக விற்றுவிடவில்லை. 2001இல் அவ்வளாகம் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. பூங்கா சூழ நிற்கும் அக்கோபுரமே இன்று அவ்வட்டாரம் முழுமைக்கும் அடையாளம். நம் தங்கவயல் மூடப்பட்டதும் அதே 2001ஆம் ஆண்டில்தான் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

தங்கவயலுக்கு எது பொருந்தும்? பொற்கட்டி என்று சிலர் கூறுவர். பொன் இவ்வூரை விட்டுப் போய்விட்டது; போன பொருளைச் சின்னமாக வைத்து இருக்கும் நிலத்தைக் காக்கச் சொல்வது முரண் அன்றோ? உள்ளங்கையில் தளிர் ஏந்திய படம் எவ்வூருக்கும் பொருந்தும். ஆகவே எவ்வூரையும் குறிக்காது. ஆட்களைச் சுமந்த கூண்டைப் பூமிக்குள் இறக்கி ஏற்றிய கோபுரச் சக்கரமே நம் கருத்தில் தக்கது. பாறை வெடித்த நாள்களில் பெண்கள் கண்ணிமைக்காமல் பார்த்து நின்றது அந்தச் சக்கரத்தைத்தான். சக்கரத்தின் கீழே மேட்டின் வளைகோடு ஒன்றும், அதன் ஓரத்தில் வேரூன்றிய ஒரு செடியும் போதும்.

அவ்வுரு ஒரே வண்ணத்தில் நிற்க வேண்டும். ரப்பர் முத்திரையில் சிறுத்தாலும், வாயிற்சுவரில் பெருத்தாலும் சிதையாதிருக்க வேண்டும். ஊர்ப் பெயர்ப்பலகை எழுதுவோர் ஒருமுறை பார்த்துத் தூரிகையால் வரைய வல்லதாக இருக்க வேண்டும். பெயரைக் கன்னடம், தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய நான்கிலும் ஒத்த அளவில் பொறித்தல் வேண்டும்; இங்கு உழைத்த கைகள் ஒரு மொழியின் கைகள் அல்ல. பளபளக்கும் மஞ்சளை விடுத்து, மேட்டு மண்ணின் மங்கிய நிறத்தையே கொள்ளலாம்.

இதை நாம் செய்யாவிடில் வேறொருவர் செய்துவிடுவர்; செய்தும்விட்டனர். 2018இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றால் கே.ஜி.எஃப். என்னும் மூன்றெழுத்தை நாடெங்கும் அறிந்தனர். ஆனால் அவ்வெழுத்துகளைக் கேட்டதும் அவர்கள் மனத்தில் எழுவது கற்பனைக் கதையின் துப்பாக்கியும் சம்மட்டியுமே. நம் பாட்டன்மாரின் முகம் அன்று. கதையைக் குறை கூறிப் பயனில்லை. உண்மைக்கும் ஓர் உருவம் தருவதே நம் கடன்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. இலச்சினை என்பது அலங்காரம் அன்று, வாக்குறுதி. பூங்காவின் வாயிலில் அதைக் கண்டு உள்ளே வரும் தாய், இங்குத் தூள் பறக்காது, குழந்தையை ஓடவிடலாம் என்று நம்புவாள். ஆகவே மேடுகளைச் சூழ மரம் வளர்த்து, தூளை அடக்கி, இறங்கத் தகாத இடங்களுக்கு வேலியிட்ட பின்னரே அச்சின்னத்தை வாயிலில் ஏற்ற வேண்டும். அதுவரை அது எச்சரிக்கைப் பலகையில் மட்டும் இடம்பெறுவதே நேர்மை.

நேயர்களின் வீட்டுப் பெட்டிகளில் தங்கவயலின் பழைய நிழற்படங்கள் இருக்கக்கூடும். சக்கரம் எப்படி நின்றது, எத்தனை ஆரக்கால், கூரை எந்தப் பக்கம் சரிந்தது என்பவற்றை வரைவோருக்கு அவை சொல்லும். பெரியவர்கள் உடன் இருக்கும்போதே அவற்றை எடுத்து, பின்புறத்தில் இடமும் ஆண்டும் பெயரும் எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம்.