அடுத்த வீட்டு வாசற்படி

நம் பங்குத்தந்தை இல்லத்தில் ஒரு நாய் வளர்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவில் கோயில் படிக்கட்டில் யாரோ விட்டுச்சென்ற நாட்டு நாய்க்குட்டி அது. மறைக்கல்வி வகுப்பில் தோபித்து நூலின் வரலாற்றைச் சொல்லி முடித்திருந்த வாரம். இளைஞன் தோபியா வானதூதர் இரபேலுடன் வழிப்பயணம் புறப்பட்டபோது ஒரு நாயும் உடன் சென்றது என்ற செய்தி சிறுவர்களின் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. "சாமி, இதுக்குத் தோபின்னு பேர் வைப்போம்" என்றார்கள். அப்படியே பெயராயிற்று. அன்று முதல் விடியற்காலை நடைக்கும், மாலையில் செபமாலை சொல்லிக்கொண்டு வளாகத்தைச் சுற்றுவதற்கும் தோபியே நமக்குத் துணை.

கோயில் வளாகத்திற்குத் தெற்கே ஒரு பெரியவரின் வீடு. அவரும் நம் பங்கைச் சேர்ந்தவரே. ஆடு வளர்ப்பவர். ஆட்டுக்கொட்டிலுக்குக் காவலாக இரண்டு நாய்கள் வைத்திருந்தார். ஒன்று கோம்பை நாயின் சாயல் கொண்ட செந்நிற நாய், மற்றது கறுப்பு. பகலில் கட்டிக் கிடப்பவை. இரவில் அவிழ்த்து விடப்படுபவை. விடிந்த பின்னும் வெகுநேரம் அவை தெருவில் அலைவதை நாம் அறிவோம். அறிந்தும் அதைப் பெரிதாக எண்ணியதில்லை.

கடந்த ஆண்டு கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் விடியற்காலை 5 மணி. வழக்கம்போல் தோபியுடன் கெபியைச் சுற்றி வந்துகொண்டிருந்தோம். சுற்றுச்சுவரின் தென்மூலையில், மழையில் சரிந்துகிடந்த இடைவெளி வழியாக இரண்டு நாய்களும் ஓசையின்றி உள்ளே வந்தன. குரைத்திருந்தாலாவது எச்சரிக்கை அடைந்திருப்போம். நொடிப் பொழுதில் தோபி அவற்றின் காலடியில் கிடந்தது. செந்நாயின் பற்கள் அதன் கழுத்திலும் தோளிலும் பதிந்திருந்தன. அது எழுப்பிய ஓலம் இன்றும் நம் செவியில் இருக்கிறது.

சண்டையிடும் நாய்களின் நடுவே கை நீட்டலாகாது என்பது சிறு பிள்ளையும் அறிந்தது. நாமோ நீட்டினோம். மணிக்கட்டில் ஒரு கடி விழுந்தது. எந்த நாயின் பல் என்று இன்றுவரை தெரியாது. வலியால் துடிக்கும் விலங்கு வளர்த்தவனையும் கடிக்கும் என்பதால், அது தோபியின் பல்லாகவும் இருக்கலாம். கோயில்பிள்ளை ஓடிவந்து, பூச்செடிக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரை நாய்களின் முகத்தில் வீசியடித்த பின்னரே அவை விலகின. குழாயடியில் 15 நிமிடம் சோப்பு போட்டுக் கையைக் கழுவினோம். நாய்க்கடிக்கு முதல் மருந்து அதுவே. அன்றைய திருப்பலியைச் சற்றுத் தாமதமாக, கையில் கட்டுடன் நிறைவேற்றினோம்.

கால்நடை மருத்துவர் தோபியின் உரோமத்தை மழித்துப் பார்த்தார். வெளியே தெரிந்தவை நான்கு சிறு துளைகளே. "நாய்க்கடியில் மேலே தெரிவது கொஞ்சந்தான், சாமி, பல் பிடித்து உலுக்கும்போது தோலுக்கு அடியில் சதை கிழிந்துவிடும், சீழ் பிடிப்பதும் அங்கேதான்" என்று சொல்லிக் காயத்தைத் திறந்து கழுவி மருந்திட்டார். அந்தச் சொற்கள் பின்னர் வேறொரு பொருளில் நம் நினைவுக்கு வர இருந்தன.

அரசு மருத்துவமனையில் நமக்குத் தடுப்பூசி போட்டார்கள். குருதி கசிந்திருந்ததால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். நம் சிறு வயதில் வயிற்றைச் சுற்றி 14 ஊசி என்று கேட்டு நடுங்கியதுண்டு. இப்போது தோளில் சிறு ஊசிகள். முதல் நாள், பின் 3, 7, 28ஆம் நாள்கள், அவ்வளவே. 1885இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனின் உயிரைக் காக்கத் தொடங்கிவைத்த மருத்துவம் இத்தனை எளிதாகியிருக்கிறது. ஆனால் நோய் முற்றியபின் அதற்கு மருந்து இல்லை என்ற நிலை ஏறக்குறைய இன்றும் மாறவில்லை. செவிலியர் ஒன்றைச் சொல்லி அனுப்பினார்: "அந்த நாய்களைப் பத்து நாள் கவனிச்சுக்கிட்டே இருங்க, ஃபாதர். சோறு தின்னாம, குணம் மாறிப் போனாலோ செத்துப் போனாலோ உடனே வந்து சொல்லுங்க."

மறுநாள் ஞாயிறு. திருப்பலி முடிவில் அறிவிப்புகள் வாசிக்கும் நேரம். அன்பியக் கூட்டம், மரியாயின் சேனை, திருமண ஓலை எல்லாம் வாசித்தபின், கட்டிட்ட கையைத் தூக்கிக் காட்டி, "நாயை வளர்க்கத் தெரியாதவர்கள் நாய் வளர்க்கக் கூடாது" என்று தொடங்கினோம். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. கோயிலில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே திசையில் திரும்பின. பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இறுதி ஆசீருக்குக் காத்திராமல் வெளியேறினார். நமக்கோ உள்ளுக்குள் ஒரு நிறைவு. நியாயத்தைச் சொல்லிவிட்டோம் என்று எண்ணிக்கொண்டோம்.

அந்த நிறைவு ஒருநாள் கூட நிலைக்கவில்லை.

தெற்குத் தெருவில் தனித்து வாழும் பாட்டி ஒருவர் உண்டு. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு வந்தவர், மூன்று மாதங்களாக வரவில்லை. முழங்கால் வலி என்றார். நாமும் நம்பி, மாதந்தோறும் முதல் வெள்ளியன்று வீட்டிற்கே நற்கருணை கொண்டு சென்றோம். ஞாயிறு பிற்பகல் அவர் கம்பை ஊன்றிக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்து, தோபியைத் தடவிக்கொடுத்தார். பின்பு சொன்னார்: "இப்பவாவது கேட்டீங்களே சாமி. அந்த நாய்கதான் என்னைய ரெண்டு தடவை விரட்டிச்சு. ஒரு நாள் சாக்கடை ஓரம் விழுந்துட்டேன். அதுல இருந்துதான் பூசைக்கு வரப் பயம்."

"ஏன் பாட்டி அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"அந்த வீட்டுக்காரர் நமக்குச் சொந்தம். சொன்னா சண்டை வரும். அதான் கால்வலின்னு சொன்னேன்."

அவர் நன்றி சொல்லத்தான் வந்திருந்தார். ஆனால் அந்த நன்றி ஒரு குற்றப்பத்திரிகையாய் நம் கையில் தங்கிவிட்டது. ஒரு மூதாட்டி சாக்கடையோரம் விழுந்தபோது பேசாத நம் வாய், நாம் வளர்த்த நாய் கடிபட்டதும் கோயில் முழுவதும் கேட்கப் பேசியிருக்கிறது. சொந்தம் என்பதால் அவர் பேசவில்லை. நமக்கு என்ன தடை இருந்தது? மூன்று முதல் வெள்ளிகள் அவர் வீட்டுக்குச் சென்றும், எப்போது விழுந்தீர்கள், எதனால் வலி என்று ஒரு கேள்வி கேட்டோமில்லை.

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளைப் பற்றி 2416 முதல் 2418 வரையுள்ள எண்களில் பேசுகிறது. விலங்குகளும் இறைவனின் படைப்புகள். அவற்றிடம் கனிவு காட்டுவது மனிதரின் கடமை. காரணமின்றி அவற்றை வதைப்பது மனித மாண்புக்கே இழுக்கு. அதே மூச்சில் இன்னொன்றையும் அது நினைவூட்டுகிறது: மனிதருக்கு மட்டுமே உரிய பாசத்தை விலங்கின்மேல் திருப்பிவிடலாகாது. குருமாணவர்களுக்கு இதை விளக்கிய நாள்கள் உண்டு. வெளிநாட்டாரின் செல்லப்பிராணி மோகத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சிரித்ததும் உண்டு. எடுத்துக்காட்டு நம் இல்லத்து முற்றத்திலேயே இருந்ததை அன்றுதான் கண்டோம்.

செவ்வாயன்று இரண்டாம் ஊசி. "நாய்கள் எப்படி இருக்கின்றன?" என்று செவிலியர் கேட்டார். விடை நம்மிடம் இல்லை. கோயில்பிள்ளையை அனுப்பிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துவரச் சொல்லலாமா என்று எண்ணினோம். பங்குப் பேரவையில் சட்டம் அறிந்த ஒருவர் வேறு வழி சொன்னார். வளர்க்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறுவது குற்றம். 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவுப்படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை தண்டம், அல்லது இரண்டும். "ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும், ஃபாதர்" என்றார்.

சட்டம் சரிதான். ஆனால் அதைக் கேட்டபோது, மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் நம்மைக் குத்தியது. சகோதரன் தவறிழைத்தால் முதலில் தனியே சென்று அவனிடம் பேச வேண்டும். கேளாவிடில் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் இணங்காவிடில்தான் திருச்சபையிடம் சொல்ல வேண்டும். ஆண்டவர் வகுத்த படிகள் மூன்று. நாமோ மூன்றாம் படியில் தொடங்கியிருந்தோம். முதற்படி நம் இல்லத்திலிருந்து நாற்பது அடி தொலைவில் இருந்தது. ஆண்டுக்கொரு முறை வீடு மந்திரிக்கச் செல்வதைத் தவிர, அந்த வாசற்படியை நாம் மிதித்ததில்லை.

அன்று மாலையே சென்றோம். பெரியவர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். முகத்தில் மலர்ச்சி இல்லை.

"அண்ணாச்சி, கோயிலில் அப்படிப் பேசியது நம் தவறு" என்றோம்.

சற்று நேரம் பேசாதிருந்தவர் சொன்னார்: "எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே கட்டிப் போட்டிருப்பேனே சாமி. போன வருசம் மூணு ஆடு களவு போச்சு. அதுல இருந்துதான் ராத்திரி அவுத்து விடுறேன். எனக்கு இழுப்பு, விடியற நேரந்தான் கண்ணசருவேன். எந்திரிச்சுக் கட்ட ஏழு மணி ஆயிருது." பின், தயக்கத்துடன், "இன்னொண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. உங்க நாயும் அன்னைக்குக் கயிறு இல்லாமத்தானே வந்தது? சுவரு விழுந்து ரெண்டு மழை ஆச்சு. கோயில் சுவருதானே அது?"

விடை சொல்ல இயலவில்லை. தோபியின் கயிறு அன்று நம் அறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரைக் கட்ட வேண்டிய பொறுப்பு பங்கினுடையது. திருவிழா வரவு செலவைக் காரணம் காட்டி அதை ஒத்திவைத்தவர் நாமே. சகோதரன் கண்ணிலிருந்த துரும்பைப் பற்றி ஒலிபெருக்கியில் பேசியவருக்கு, தம் கண்ணில் உத்திரம் இருந்த செய்தி இவ்வாறு வந்து சேர்ந்தது.

விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் உண்டு. ஒருவனுடைய மாடு அடுத்தவன் மாட்டை முட்டிக் கொன்றால், உயிரோடிருக்கும் மாட்டை விற்று அப்பணத்தையும், செத்ததையும் இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். முட்டும் வழக்கமுடையது என்று தெரிந்தும் கட்டிவைக்காதிருந்தால், முழு இழப்பும் உரிமையாளனைச் சேரும். ஆக, சட்டம் பொறுப்பைத் தெரிந்திருப்பதோடு இணைக்கிறது. பெரியவரிடம் எவரும் தெரிவித்ததில்லை. பாட்டி சொந்தத்துக்காக மறைத்தார். நாம் சோம்பலால் பேசாதிருந்தோம். தெரிவிக்கும் கடமையைச் செய்யாதவர், தெரிந்தும் செய்யாதவனைப்போல் அவரைத் தண்டித்தோம்.

"இனிமே ராப்பகலாக் கட்டியே போட்டுருதேன்" என்றார் அவர். அதுவும் தீர்வன்று. எந்நேரமும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு வெறுப்பு வளரும். கட்டியே வைத்து நடமாட விடாதிருப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் குற்றமாகவே கொள்கிறது. எனவே ஓர் ஏற்பாடு செய்தோம். ஆட்டுக்கொட்டிலைச் சுற்றிக் கம்பிவலை அடைத்து, நாய்கள் இரவில் அதற்குள் உலவ வேண்டும். சுவரைப் பங்கு கட்ட வேண்டும். தோபி கயிறின்றி இல்லத்தின் படி இறங்கலாகாது. பத்து நாள் கழிந்தபின், அதுவரை ஊசியே அறியாத அவருடைய இரு நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். ஆண்டுதோறும் அதைத் தொடர வேண்டும்.

அந்தப் பத்து நாளில் எஞ்சிய ஒவ்வொரு நாளும் மாலையில் அவ்வீட்டுக்குச் சென்றோம். நாய்களைப் பார்ப்பது கடமை. ஆனால் சென்றவர் உடனே திரும்ப முடியுமா? ஒரு நாள் கருப்பட்டிக் காப்பி வந்தது. ஒரு நாள் களவு போன ஆடுகளின் கதை. மற்றொரு நாள், வெளியூரில் இருக்கும் மகன் பேசாமல் போன கதை. கடியின் மேற்புறத்தில் தெரிவது கொஞ்சமே என்று மருத்துவர் சொன்னது அங்கேதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு, அதே அறிவிப்பு நேரத்தில் மன்னிப்புக் கேட்டோம். ஊரறியச் செய்த பிழைக்கு ஊரறியத்தானே பரிகாரம் வேண்டும்? பெரியவர் அன்று கோயிலில் இல்லை. அவர் மனைவி இருந்தார். அவர் மீண்டும் வந்தது அதற்கு மூன்றாம் ஞாயிறு. முன்வரிசையில் அமர்பவர், அன்று தூண் ஓரமாக நின்றுகொண்டார். சில காயங்கள் ஆற நாள் பிடிக்கும்.

இப்போது சுவர் எழும்பிவிட்டது. தோபியின் தோளில் உரோமம் முளைக்காத வடு ஒன்று இருக்கிறது. காலை 5 மணிக்குக் கயிற்றுடன் அதை அழைத்துச் செல்கையில், கம்பிவலைக்கு உள்ளிருந்து செந்நாய் உறுமுகிறது. தோபி நம் காலோடு ஒட்டிக்கொள்கிறது. அவை நட்பாகிவிடும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. சற்று நேரத்தில் தெற்குத் தெருவிலிருந்து கம்பு ஊன்றும் ஓசை கேட்கும். பாட்டி காலைத் திருப்பலிக்கு வந்துகொண்டிருப்பார். அந்த ஓசை மூன்று மாதம் கேளாதிருந்ததை நம் செவி உணரவில்லையே என்று நாள்தோறும் அப்போது எண்ணிக்கொள்கிறோம்.

அன்பர்களே, நம் ஒவ்வொருவர் வீட்டுக்கு அருகிலும் ஒரு வாசற்படி உண்டு. அங்கே சொல்ல வேண்டியதை ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அங்கு மட்டும் சொல்லாதிருக்கிறோம். கடிபடும் வரை காத்திராமல், இன்று மாலையே அந்தப் படியை ஏறிவிடுவது நல்லது.